பிஷப்புக்கு நாலு மணிக் கஞ்சி

2 ஜூலை 1998, வியாழன்
பிஷப் இன்றும் தினையைத் தொடவில்லை. கன்னத்தில் பிஷப் அங்கி போல ஊதாப் புள்ளி உள்ள என் நீல லவ்பேர்டுக்கு நான் வைத்த பெயர் அது. பங்குச் சாமியாருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இறகை உப்பிக்கொண்டு பந்தாக உட்கார்ந்திருக்கிறது. மதில்மேல் பக்கத்து வீட்டு நர்கீஸின் பூனை. ஈஸ்டருக்கு முன்னால் "அதைக் கட்டிப் போடு" என்றேன். "பூனையப் போயி யாராச்சும் கட்டுவாகளாக்கா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

3 ஜூலை
கால்நடை மருத்துவமனை. அய்யலூர்ச் சந்தையில் நேற்று வாங்கிய ஆடுகளுக்கு நடுவே கூண்டை மடியில் வைத்துக் காத்திருந்தேன். ஓர் ஆடு முந்தானையைத் தின்னப் பார்த்தது. டாக்டர் சொட்டு மருந்தும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து, கஞ்சி ஊட்டும் முறையைச் சொல்லத் தொடங்கினார். நான்கு பிள்ளைகளுக்குச் சங்கில் புகட்டியவள் நான் என்றேன். நிறுத்திக்கொண்டார்.

மாலை — பிள்ளையைப் போலவே மல்லாத்திப் புகட்டினேன். மூக்கில் கஞ்சி குமிழியிட்டது. கண் செருகியது. ஐயோ, கொன்னுட்டேனே — நிமிர்த்திப் பிடித்ததும் தும்மியது. அதற்கு மூச்சு வந்தது. எனக்கும்.

4 ஜூலை
மறுபடி போனேன். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. பறவை நிமிர்ந்தே இருக்க வேண்டுமாம். துண்டில் சுற்றலாம், நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்சு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அலகின் இடப் பக்கமாக, துளித் துளியாக. விழுங்கிய பிறகே அடுத்தது. கஞ்சி, மணிக்கட்டில் சொட்டிப் பார்த்தால் வெதுவெதுப்பாக.

"ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் குடுக்கணும்மா. வீட்ல யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்கள்? நான்கு பிள்ளைகளில் ஒருவரும் இங்கே இல்லை என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

மாலை — மதிலோரம் போய்க் கனைத்தேன். நர்கீஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துண்டு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன்.

"எதுக்கு, பூனையக் கட்டவா?"

வந்தாள். பூனையை வீட்டுக்குள் பூட்டிவிட்டுத்தான் வந்தாள். பதமாகப் பிடிக்கிறாள். பேச்சுதான் அதிகம்.

7 ஜூலை
அரை சிரிஞ்சு உள்ளே போயிற்று. நர்கீஸ் தாமதம், நாலு மணி என்றால் நாலு மணி என்றேன். "கடியாரத்துக்குமா கஞ்சி ஊட்டுறீக?" என்கிறாள்.

10 ஜூலை
பிஷப் என் விரலைக் கடித்தது. இரத்தம் வந்தது. நல்ல கடி. மாதாவுக்கு நன்றி.

13 ஜூலை
பிஷப் தினையைக் கூண்டெல்லாம் இறைத்துத் தின்கிறது. மருந்து நேற்றோடு முடிந்தது. நர்கீஸுக்கும் தெரியும், கடைசிச் சொட்டுக்குத் துண்டு பிடித்தவளே அவள்தான். இன்றும் சரியாக நாலு மணிக்குத் துண்டோடு வந்து நின்றாள். இரண்டு டம்ளரில் காப்பி ஏற்கனவே ஆற்றி வைத்திருந்தேன்.