ரப்பர் கால்கள்

கரீமாவுக்கு,

சென்னையில் மகள் வீட்டில் வெயில் கடுமையா? இங்கே தீவில், நம் டெய்ரி ஃபார்ம் பக்கம் மழை விடவில்லை.

வாப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயரைக் கொஞ்சம் மேம்படுத்தலாம் என்று கிளம்பினேன். “புது ஊசி போட்டா ஏக்தம் சாஃபா, கரகரப்பே இல்லாம பாடும், சாச்சா” என்றான் கடைக்கார ஆசிம். அதிர்வு தாங்க அடியில் மாட்டும் ரப்பர் கால்களும் மெயின்லேண்டில் கிடைக்கின்றனவாம். எதை முதலில் வரவழைப்பது?

ஊசி தேய்ந்துவிட்டது, பாட்டு கரகரக்கிறது. ரப்பர் கால்களுக்கோ இப்போது வேலையே இல்லை. நம் பலகைத் தரையில் நீ நடந்தால்தான் ஊசி துள்ளும், நான் கத்துவேன். நீ போன பிறகு ஒருமுறைகூடத் துள்ளவில்லை.

இருந்தாலும் கால்களைத்தான் வரவழைத்து மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்று குதித்தும் பார்த்துவிட்டேன். பாட்டு கரகரத்தபடியே நிற்காமல் ஓடியது.

இனி நீ எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம்.

உன் வீட்டுக்காரன்