வெறுமையாக விட்ட இரண்டு கேள்விகள்

நவம்பர் 14, வியாழன்

இன்று மகள் ஆரணியின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் அவள் நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடித்த அரசுப் பள்ளி. கணக்கு ஆசிரியை விடைத்தாளைக் காட்டினார். கடைசி இரண்டு கேள்விகளுக்கு மகள் எதுவுமே எழுதவில்லை. அதே மாதிரிக் கணக்குகளைப் போன வாரம் என் முன்னால் சுலபமாகச் செய்தவள்.

வீடு திரும்பும் லாசால் பஸ்ஸில் ஏன் என்று அவளிடம் கேட்டேன்.

“தெரியும் அம்மா. வேணுமெண்டுதான் விட்டனான். முதலாவதா வந்தா, வகுப்பில மற்றப் பிள்ளையள் ‘உங்கட நாட்டு ஆக்கள் எல்லாரும் கணக்கில கெட்டிக்காரர்தானே’ எண்டு சொல்லினம். நான் இருந்து படிச்சது ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

ஏசுவதா, அணைப்பதா என்று தெரியவில்லை. இனி அப்படிச் செய்யாதே என்றேன்.

“அப்ப அவைக்கு என்ன சொல்லுறது?”

எங்கள் தரிப்பிடம் வந்தது. அவளுடைய பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

என் கணவர் வேலையால் வந்ததும் புள்ளிகள் ஏன் குறைந்தன என்று கேட்டார். “கேள்வி கஷ்டமாம்” என்று சொல்லிவிட்டேன். ஆரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய்யால் நான் யாரைக் காப்பாற்றினேன் என்று இன்னும் விளங்கவில்லை.