ராகு காலத்தில் எடுத்த கணக்கு

முருகன் துணை

சுங்கை சிப்புட்,
19-7-1985, ஆடி முதல் வெள்ளி

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கோலாலம்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை, அதற்குக் காரணம் நீ, பின்னால் சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வீடமைப்புக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போடாதீங்கம்மா, அந்த ரோட்டு அறிக்கை எங்கள் கம்பெனி செய்தது, என் வேலைக்கே ஆபத்து என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிட்டேன். உன் கடிதம் முந்தி வந்திருந்தாலும் போட்டிருப்பேன், ஆகவே தபால்காரரைக் குறை சொல்லாதே.

விற்றுப்போன ரப்பர் காட்டில் நானூற்று இருபது வீடு கட்டப்போகிறார்கள், கட்டட்டும், நம் ஆட்களுக்கும் வீடு வேண்டும்தானே. ஆனால் அத்தனை வண்டியும் வெளியேற ஒரே வழி, நம் தமிழ்ப்பள்ளி வாசலில் இருக்கிற வளைவாம். ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம் போட்டால் அந்தப் பக்கமாகப் பெரிய ரோட்டுக்கே போய்விடலாம். பாலம் வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்து ரோடு காலியாகத்தான் கிடக்கிறது என்று உன் கம்பெனி அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கை எடுத்தது யார்? மே மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து என் கையால் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழரை மணிக்கு வளைவில் நாற்காலி போட்டு ஒன்பது வரைக்கும் கோடு கோடாகக் கிழித்த நீதான். ராகு காலத்தில் ஒரு காரியத்தை ஆரம்பிக்காதேடா என்று அன்றைக்கே சொன்னேன். ராகு வானத்துலதாம்மா, ரோட்டுல இல்ல, ஆபீசுக்குப் போற நேரம் இதுதான் என்று சிரித்தாய். இங்கே யாரப்பா ஆபீசுக்குப் போகிறார்கள்?

அதனால் நானே எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆடி பிறக்குமுன் தொடங்க வேண்டும், ராகு காலமும் ஆகாது, ஆகவே இந்தத் திங்கட்கிழமை இருட்டு விலகாத ஆறு மணிக்கே நானும் பக்கத்து லயத்து வீட்டு ராக்காயியும் போய் உட்கார்ந்தோம். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். வண்டிகளை நான் நோட்டில் எழுதினேன். அவளுக்கு எழுத வராது, நடந்து போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரப்பர் கொட்டையைப் பால்டின்னில் போட்டாள். மாடு போனா என்னக்கா போடுறது, உன் மவன் தாள்ல மாட்டுக்கு எடம் இருக்கா என்று கேலி வேறு. கோயில் தலைவர் அப்பாவு சைக்கிளை நிறுத்தி, வீடு குடுக்கிறேன்னு சொல்றவன்கிட்ட வம்பு வேணாம் லா அக்கா என்றார். ஓரமா நில்லுங்க அண்ணே, உங்க சைக்கிளையும் எழுதணும் என்றேன். ஆறிலிருந்து ஏழே காலுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள், பெண்களை ஏற்றிப்போகிற பேக்டரி பஸ் நான்கு, லோரி ஒன்பது. ஏழரைக்கு மேல் ரோடு காலிதான், நீ எழுதியது போலவே.

உன் கடிதத்தைச் சுவாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் புதன்கிழமை கோலா கங்சாருக்குப் பஸ் ஏறினேன். பிளான் பார்க்கிற ஆபீசில் ஆம்புரோஸ் என்று பைல் எழுதுகிற ஒரு கிராணி, நல்ல மனிதர், உன் தாளைப் படித்துச் சொன்னார். மூன்று மோட்டார் சைக்கிள் சேர்ந்தால்தான் ஒரு கார் என்று கணக்காம். அப்பாவிடம் வந்து சொன்னதுதான் தப்பு, முப்பது வருசம் பால் வெட்டி மோட்டார் சைக்கிள் வாங்குனவன் மூணுல ஒரு பங்கா, பின்னால உக்கார்ற நீ எத்தனை பங்குன்னு அவனையே கேட்டு எழுது என்கிறார். எனக்கு அது பெரிதில்லை. உன் தாளில் மாட்டு வண்டிக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது, நடக்கிறவனுக்குக் கட்டம் இல்லை.

மலாய்க்கார அதிகாரி முதலில் என் நோட்டைப் புரட்டிவிட்டு, வீட்டிலே வேலை இல்லையா மக்சிக் என்று பெரியம்மாவைக் கேட்கிற மாதிரி கேட்டார். பால்டின்னை அவர் மேசையில் கவிழ்த்தேன். கொட்டைகள் பைல் மேலெல்லாம் ஓடின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் துவான், ஒரு கொட்டை ஒரு பிள்ளை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் அத்தனையையும் தானே எண்ணினார், நூற்று நாற்பத்து மூன்று. கீழே உருண்ட ஒன்றைக் குனிந்து எடுத்து வைத்தார். இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை ஐந்தரை மணியிலிருந்து கம்பெனி மறுபடி எண்ண வேண்டும், நடக்கிறவர்களையும் சேர்த்து, அதுவரை அனுமதி இல்லை என்று எழுதிவிட்டார்.

மகன் பொய்க்கணக்கு எழுதினான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. நேரம் தப்பு என்றேன், அது உண்மை. அதற்காக வேலை போனால் வேறு தேடலாம், அந்த வளைவில் ஒரு பிள்ளையின் உயிர் போனால் திரும்பாது. எண்ணுவதற்கு நானே போகிறேன் என்று உன் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வா. வேறு ஆள் வந்தாலும் நாங்கள் பக்கத்தில் உட்காருவோம். நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி. முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

உன் அம்மா,
மங்களம்

தாளில் நடக்கிறவர்களுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வா. கம்பெனி சம்மதிக்காவிட்டால் ராக்காயி டின் தருவாள். ஏழரைக்கு ராகு காலம், ஞாபகம் இருக்கட்டும்.