தொண்ணூற்றைந்தும் நான்கும்

டுலூத்,
பிப்ரவரி 3

அன்புள்ள மார்ட்டா அக்கா,

நீங்கள் கொடுத்தனுப்பிய காட்டரிசி சூப் இரண்டு நாள் வந்தது.

ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை என்று நீதிபதி சொன்னதிலிருந்து குடிக்காமல் இன்றோடு எண்பத்தெட்டு நாள். காரில் பொருத்திய கருவியில் ஊதி, மூச்சில் மது இல்லையென்று அது காட்டினால்தான் எஞ்சின் ஓடும். வியாழன்தோறும் கோர்ட்டில் ஒவ்வொருவரும் எழுந்து தன் நாள் கணக்கைச் சொல்கிறோம். எல்லாரும் கைதட்டுகிறார்கள். பக்கத்து இருக்கை கஸ், "இன்னும் கொஞ்ச நாள்ல உனக்குச் சிலையே வச்சிருவாங்கப்பா" என்கிறார்.

நூறாவது நாள் எல்சியை அனுப்புவதாகச் சொன்னீர்கள். உங்கள் தங்கை இங்க்ரிட் இறந்த இரண்டாம் மாதம் நான் குடித்துவிட்டுக் காரைக் கம்பத்தில் மோதியபோது மகள் பின் சீட்டில் இருந்தாள். மறக்கவில்லை. அவள் அறைக்கு ஹீட்டர் போட்டாயிற்று.

வெஸ்லி

---

பிப்ரவரி 5

தம்பி வெஸ்லி,

எல்சி இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். பாதி இடம் பனிக் காலணிக்கே போயிற்று. "பெரியம்மா, அப்பா கார்ல நானும் ஊதணுமா?" என்றாள். "உங்கப்பன் ஊதினா போதும்டி" என்றேன்.

நாளை இங்க்ரிட்டின் பிறந்த நாள். இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேருமோ தெரியாது; சேர்ந்தால், தனியாக இருக்காதே, இங்கே வா. எல்லாவற்றையும் எண்ணிக்கையாகவே எழுதுகிறாய். நீ எப்படி இருக்கிறாய்?

மார்ட்டா

---

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

கடிதம் எட்டாம் தேதிதான் வந்தது. ஆறாம் தேதி ஒரு பாட்டில் விஸ்கி குடித்தேன்.

மறுநாள் காலை ஊதினேன். எஞ்சின் ஓடியது. ஓடியிருக்கக் கூடாது. அணைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மில்லில் வாயுமானிகளைச் சரிபார்ப்பவன் நான். மாலையில் அளவு தெரிந்த ஆல்கஹால் கலந்த சோதனை வாயு கொண்டுவந்து கருவிக்குள் செலுத்திப் பார்த்தேன். இருப்பதில் பாதிதான் காட்டுகிறது. வேறு யாருக்கும் தெரியாது.

இன்று கோர்ட்டில் எழுந்து நின்றேன். "தொண்ணூத்தஞ்சுப்பா, சொல்லு" என்று கஸ் இடித்தார். "நாலு" என்றேன்.

"கருவியில எதுவும் பதிவாகலையே?" என்றார் நீதிபதி.

"கருவி தப்பும்மா. நான் குடிச்சேன்."

நீதிபதிதான் முதலில் கைதட்டினார். ஜெயில் இல்லை. கணக்கு மட்டும் முதலிலிருந்து. நூறு நாள் என்றால் மே மாதம். எல்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அலமாரியில் இங்க்ரிட்டின் சட்டைகள் அப்படியே இருக்கின்றன. எத்தனை என்று எண்ணவில்லை.

வெஸ்லி

---

பிப்ரவரி 14

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். சட்டைகளைச் சேர்ந்து மடிப்போம்.

எல்சியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு பெட்டியைத் திறந்து பனிக் காலணியை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். "மே மாசம் பனி இருக்காதே, பெரியம்மா" என்றாள்.

மற்றதெல்லாம் கட்டியபடியே வாசல் பக்கம் இருக்கிறது.

மார்ட்டா