எண்ணெயில் நிற்காத கச்சாயம்

புரட்டாசி 18, புதன்

போதும். வருஷம் ஆகப் போகிறது, நான் வாயைத் திறக்கவில்லை. இனி முடியாது. மாரப்பனுக்கு எழுதிவிடப் போகிறேன்.

காலையில் மூட்டம், மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமையாசிரியர் (எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்) மூன்றாம் பாரம் பையன்கள் காதுபட, "சார், மணி அடிச்சாச்சு" என்றார். மறக்கமாட்டேன்.

ஐப்பசி வந்தால் என் மனைவி பாவாயிக்கு வருஷ திதி. சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக்கூடாது. செத்தவளுடைய பிறந்த வீட்டார் வந்து முதல் சட்டி வைத்துக் கொடுத்த பிறகே அந்த அடுப்பில் பலகாரம். பாவாயிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது மேச்சேரியில் இருக்கும் தம்பி மாரப்பன் ஒருவன்தான். தைக்கு வருவான் என்று பார்த்தேன். ஆடிக்கு வருவான் என்று பார்த்தேன். ஆட்டுப் பட்டியை விட்டு நகர மாட்டான் போல.

அவனுக்கு எழுத வேண்டியவை:
சட்டி வைக்க வராதது.
சாவுக்கே நேரத்துக்கு வராதது.
என் கல்யாணப் பந்தலில், "மாமனுக்கு மம்பட்டி புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தது. (அப்போது அவன் அரைஞாண் கயிறு கட்டிய சிறுவன். இருந்தாலும்.)

புரட்டாசி 19

கடிதம் எழுதினேன். நன்றாக வந்தது. வாசித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கெஞ்சல். அது எப்படி உள்ளே நுழைந்தது தெரியவில்லை. கிழித்தேன். அடுப்பு பற்ற வைக்க உதவிற்று.

அவன் வர வேண்டாம். நானே சட்டி வைப்பேன். திதிக்குக் கச்சாயம் படைப்பேன். அவள் வருஷா வருஷம் சுட்டதுதானே. பச்சரிசி மாவு, வெல்லப்பாகு, எண்ணெய். சர்க்கரைக்குத்தான் ரேஷன், வெல்லத்துக்கு இல்லை. இருபது வருஷம் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவனுக்கு இது ஒரு கணக்கா.

புரட்டாசி 22, ஞாயிறு

அரிசியை ஊற வைத்துக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காய வைத்தேன். உரலில் நானே இடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம். மாவு சுண்ணாம்புத் தூள் மாதிரி, குறை சொல்ல முடியாது. பாகு காய்ச்சிக் கிளறினேன். உருட்டினேன், தட்டினேன், எண்ணெயில் போட்டேன்.

பிரிந்துவிட்டது. போட்ட கணத்தில் நுரைத்து, விரிந்து, மண்ணாய்க் கரைந்தது. அடுத்ததும் அப்படியே. சட்டி முழுக்கக் கறுப்புச் சேறு.

பக்கத்து வீட்டு நாச்சக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏனுங் வாத்தியாரே, எண்ணெ வாசம் அடிக்குது? உங்கூட்ல ஆரு சட்டி வெச்சது?"

"நான்தான்."

"அட சாமி! பொறந்த ஊட்டுக்காரங்க வராமயா? கச்சாயம் நின்னுதுங்களா?"

"பிரிஞ்சு போச்சு."

"பிரியாம என்ன பண்ணுமுங்? கோடி போடாம அனுப்புன பொம்பள அடுப்படிய உட்டு எங்க போவா? உங்களச் சுட உட்ருவாளா?"

"வெல்லம் பழசு" என்றேன்.

"ஆமாங் ஆமாங். வெல்லம் பழசு" என்று சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டாள்.

இந்தத் தெருவுக்கு ஒரு நூல்நிலையம் வேண்டும் என்று எத்தனை மனுப் போட்டேன். யார் கேட்டார்கள்.

புரட்டாசி 23

எண்ணெய்க் கரண்டி அடுப்பின் இடப்பக்கம் கிடக்கிறது. நேற்று கழுவி வலப்பக்கம் வைத்ததாக ஞாபகம். பாவாயிக்கு இடதுகைப் பழக்கம்.

நானே மறதியாக வைத்திருப்பேன். எழுதி வைக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி 25, புதன்

நாச்சக்கா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புடவை, அதுதான் கோடி, மேலே போர்த்திய பிறகே எடுக்க வேண்டும். ஆள் அனுப்பினேன். மாரப்பன் மேச்சேரியிலிருந்து வர வேண்டும். விடிந்தது, உச்சி ஆயிற்று, வரவில்லை. ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு வெயில். உடம்பு தாங்காது என்று வைத்தியர் சொன்னார். ஊரார் கடிகாரம் பார்த்தார்கள். என்னைக் கேட்டார்கள். எடுங்கள் என்றேன்.

சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வரும்போது வாசற்படியில் நிற்கிறான். உடம்பெல்லாம் கரிப்புகை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஓட்டுகிற கரி பஸ் ஓமலூருக்கு அப்பால் மூச்சை விட்டுவிட்டதாம், பாதி வழி நடையும் பாதி வழி கட்டை வண்டியுமாக வந்திருக்கிறான். கையில் மஞ்சள் தடவிய புடவை.

"எங்கக்காள மொட்டையா அனுப்பிட்டீங்ளே, மாமா."

"நேரத்துக்கு வர்றவனுக்குத்தானே மரியாதை" என்றேன்.

புடவையைப் படிமேல் வைத்தான். செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டான். அந்தச் செருப்பு இன்னும் கொட்டகையில் கிடக்கிறது.

இதில் என் தப்பு என்ன? கேட்கிறேன். வைத்தியர் சொன்னார். ஊரார் சொன்னார்கள்.

புடவை பெட்டியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

புரட்டாசி 28

இரண்டாம் தடவை. புது வெல்லம், ராசிபுரம் சந்தையில் வாங்கியது. பாகு இன்னும் முற்றலாக. பிரியவில்லை, ஆனால் கல். தெருநாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. அதன் நடையில் தலைமையாசிரியர் சாயல்.

கரண்டி இன்றும் இடப்பக்கம்.

ஐப்பசி 2, வியாழன்

தூறல். தலைவலி என்று மத்தியானமே பள்ளியிலிருந்து வந்துவிட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தபோது பின்கட்டில் உலக்கைச் சத்தம். கண் விழித்துத்தான் இருந்தேன். தொப், தொப், தொப். கொஞ்சம் நிற்கும், மறுபடியும் தொப். அவள் கை மாற்றும்போது நிற்கும் அதே அளவு.

எழுந்து போனேன். உரல் காலி. உலக்கை மூலையில். நாச்சக்கா வீட்டில் பூட்டு.

உரல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒன்று உறைத்தது. நான் இடித்தபோது சத்தம் அப்படி இல்லை. டங், டங் என்று கணீரென்றது. காய்ந்த அரிசி. இது அமுங்கின சத்தம். ஈர அரிசியின் சத்தம்.

அவள் காய வைக்கவே இல்லை! வேட்டியில் பரப்பி நிழலில் ஆற விடுவாள், அவ்வளவுதான். பிடித்தால் கையில் ஒட்டும். என் வேட்டியெல்லாம் மாவு என்று நான் கத்தியது ஞாபகம் வருகிறது.

நாச்சக்காவிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

ஐப்பசி 3

ஈர மாவு. இளம் பாகு, தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதம். கிளறி, பானையில் போட்டுத் துணி கட்டி வைத்தாயிற்று. உடனே சுடக்கூடாது. பானையை அவள் இரண்டு மூன்று நாள் உறியில் தொங்க விடுவாள், நான் தலையை இடித்துக்கொண்டு திட்டுவேன். ஆக அதுவும் தெரிகிறது. திட்டினதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசி 6, திங்கள்

நின்றது.

எண்ணெயில் போட்டதும் முங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேலே வந்து மிதக்கிறது, உப்பலாக, ஓரம் சிவந்து. எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்தேன். பிரியவில்லை. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

சத்தமாக, "பாவாயி, பாரு" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஈ காக்கை இல்லை.

சுவருக்கு மேல் தலை. "ஏனுங், ஆருகிட்ட பேசறீங்?"

ஒன்றைக் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்குதுங்" என்றாள். விழுங்கிவிட்டு, "ஆனா பாவாயி சுட்ட மாதிரி இல்லீங்."

"எதனால? அவ சுக்குப் போடுவாளா, ஏலக்காயா?"

"அய்ய, எனக்கெங்க தெரியும்? அவ எனக்கு எங்க குடுத்தா? மொத ஈடு தம்பிக்குனு எடுத்து வெச்சுருவா. மிச்சம் உங்களுக்கு. இருவது வருசம் தின்னவரு நீங்க, எங்கிட்டக் கேக்கறீங்களே!"

பாவாயி சுட்டதைத் தின்னாமலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். சுவரை இன்னும் உயர்த்தக் கட்ட வேண்டும்.

ஐப்பசி 7

சுக்கா, ஏலக்காயா? எள் உண்டா? உண்டு என்று நாக்கு சொல்கிறது. இல்லை என்றும் சொல்கிறது.

நேற்றிலிருந்து இதே வேலை. ஒரு கடி கடிப்பது, கண்ணை மூடுவது. அவள் தட்டைக் கொண்டு வந்து வைக்கிறாள். வளையல் சத்தம் கேட்கிறது. தட்டின் ஓரச் சொட்டை தெரிகிறது. நான் கையிலிருக்கும் பேப்பரைத் தாழ்த்தாமல் எடுத்து வாயில் போடுகிறேன். அந்த நாள் யுத்தச் செய்தி முழுக்க ஞாபகம் இருக்கிறது. வாயில் இருந்தது மட்டும் இல்லை.

கரண்டியை நானே இடப்பக்கம் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தேன். வலப்பக்கம்.

பயமாக இருக்கிறது. அவள் இருப்பது பயமில்லை. பிடிக்கவில்லையோ என்பதுதான்.

ஐப்பசி 10, வெள்ளி. திதி

மழை விடாமல். புரோகிதர் குடையோடு வந்து குடையோடு போனார்.

படையல்: சோறு, பருப்பு, பாகற்காய், கச்சாயம். பாதிக்குச் சுக்கு, பாதிக்கு ஏலக்காய். பெட்டியைத் திறந்து அந்தக் கோடிப் புடவையை எடுத்தேன். மஞ்சள் வாசம் போகவில்லை. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. அவளுக்குப் பிடித்த ஜோடி. கரி பஸ்ஸில் வந்தவன் தேர்ந்துதான் எடுத்திருக்கிறான். இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எது உன்னுடையது என்று காட்டு என்றேன். வாய்விட்டுத்தான்.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் காத்திருந்தேன். சத்தம் எதுவும் இல்லை. திறந்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி. கரண்டிகூட வைத்த இடத்தில்.

இத்தனை நாள் வீட்டில் இருந்தது இப்போது இல்லை. எப்படித் தெரியும் என்றால், தெரிகிறது. இதற்கு அந்தச் சத்தமே தேவலை.

காக்கை சுக்குப் போட்டதைத்தான் முதலில் எடுத்தது. காக்கை சாட்சி போதுமா?

ஐப்பசி 11

அவள் கைப்பக்குவம் தெரிந்த நாக்கு இன்னும் ஒன்று உயிரோடு இருக்கிறது. அது நான் பேச்சு வைத்துக்கொள்ளாத நாக்கு.

ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது மாரப்பன் சொன்னான்: "கண்ணக் கட்டி உட்டாலும் எங்கக்கா கச்சாயத்தச் சொல்லீருவேன், மாமா. வேணும்னாப் பந்தயம் கட்டுங்." அவள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அரட்டை போதும் என்று நான்தான் எழுந்து போனேன்.

அவனை மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

ஐப்பசி 12, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. சுக்குப் போட்டது ஒரு ஈடு புதிதாகச் சுட்டேன். முதல் ஈடு. ஆறின பிறகு பிஸ்கட் டின்னில் வாழைச்சருகு போட்டு அடுக்கி, என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றித் தைத்தேன். தையல் கோணல். ஊசி குத்தி ரத்தம் ஒரு பொட்டு, துணியில்தான், டின்னுக்குள் இல்லை.

அவன் செருப்பையும் உள்ளே வைக்கலாமா என்று யோசித்தேன். தின்கிற பண்டத்தோடு கூடாது. வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

மேலே அவன் பேரும் ஊரும் எழுதினேன். கரும்பலகை எழுத்து என்று தெரிந்துவிடும் என்று இடது கையால் எழுதினேன். அனுப்புகிறவர் பெயருக்கான இடத்தில் பேனாவை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். மை ஒரு சொட்டு விழுந்தது.

விட்டுவிட்டேன். நாளை சேலம் போய், இந்த ஊர் முத்திரை விழாமல், அங்கே தபாலில் சேர்க்கிறேன். பெயர் போடப் போவதில்லை. கச்சாயம் அவளுடையதாக இருந்தால், யார் அனுப்பியது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால், அவனுக்குத் தெரியவே வேண்டாம்.