வெட்டின வீடியோவும் கழுவின கையும்

விஸ்வநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா கருப்பம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, நல்லபடியாக இருக்கக் காளியம்மனைக் கும்பிடுகிறேன். போன் இருக்க இந்தக் காகிதம் எதற்கு என்பாய். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியதாகிறது. லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதி பிரீத்திகாவிடம் சாத்தூர் சேவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடும்மா, எல்லாம் அடங்கிவிடும் என்றாய். மாட்டேன். நடந்ததை முழுசாகக் கேள். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நான் மைக்கைப் பிடித்து, பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான்னு சட்டம் இருக்கு, சீசன் வந்தா எங்கள அம்புட்டுப் பேரையும் ஒரே ரூமுல அடைக்காக, ஆளுங்கட்சிக்காரக எட்டிக்கூடப் பாக்கல, எதிர்க்கட்சிக்காரக ஓட்டுக் கேக்க மட்டும் வாரீக என்று கேட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டியன் எதிர்க்கட்சி வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவன் இல்லையா, அவன் முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டு, ஆளுங்கட்சியைத் திட்டினதை மட்டும் கொடியும் பாட்டும் சேர்த்துப் போட்டுவிட்டான். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் வேலை முடிந்து சாயங்காலம் அதைக் கையில் வாங்கும்போது மஸ்கட் வரைக்கும் பார்த்தாகிவிட்டது, பேசின நான் மட்டும்தான் பார்க்கவில்லை.

ஆளுங்கட்சி ஆட்கள் வண்டி வண்டியாகத் திட்டி எழுதியிருக்கிறார்கள், அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஒருத்தன், இவள் காசுக்கு நடிக்க வந்தவள், பட்டாசுக்காரி கை இவ்வளவு சுத்தமாகவா இருக்கும் என்று கேட்டிருக்கிறான். அதுதான் உறைத்தது. சபைக்குப் போகிறோமே, நாலு பேர் பார்ப்பார்களே என்று முதல் நாள் புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து கையில் ஒட்டின அந்தப் பட்டாசு மருந்து வெள்ளிப் பவுடரைப் போக்கினேன், அது இப்படி வந்து முடிந்தது. தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டு, ஏலே எதுக்குலே வெட்டுன என்று கேட்டால், முழுசாப் போட்டா எவன் சித்தி பாப்பான், இப்பல்லாம் எலக்சன் மேடையில நடக்கல, போன்லதான் நடக்கு என்று பெருமையாகச் சொல்கிறான். அவனுக்கு ஒரு லட்சம் பேர் பார்த்தார்களாம். அதில் ஒருத்தராவது அந்த ரூமைப் பற்றிக் கேட்டார்களா? என்னோடு அதே ரூமில் வேலை பார்க்கும் அழகுமீனா இன்றைக்கும் அக்கா கதவோரம் எனக்கு விடுங்க என்று கெஞ்சுகிறாள். வெடித்தால் முதலில் ஓடலாம் அல்லவா. கதவோரம் எத்தனை பேர்தான் உட்கார முடியும் மாரி?

நான் போனைக் குறை சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள் இப்போது ஒரு வீடியோவுக்குப் பதறுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் என் வாயை எனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபோர்மேன் சீசன் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்கிறார். சீசன் முடிந்தபிறகு அந்த ரூமில் யார் இருக்கப் போகிறார்கள்? அக்டோபர் இரண்டு கிராம சபைக்குக் கட்டாயம் போவேன். முழுசாக எடுக்கிறேன் என்று உன் அப்பாவும் போனைத் துடைத்து வைத்திருக்கிறார், அவர் எடுத்தால் என் தலை வருமா என்பதுதான் சந்தேகம். இந்தத் தடவை கையைக் கழுவ மாட்டேன். பவுடரோடு கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, ரூமுக்கு நாலு பேர் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதில் தங்கப்பாண்டியன் எதை வெட்டுகிறான் என்று பார்க்கிறேன்.

நீ தலை நிமிர்ந்து வேலைக்குப் போ, யார் கேட்டாலும் அது என் அம்மாதான் என்று சொல். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு தாயே. சாத்தூர் சேவு நமத்துப்போக விடாதே. இந்தக் கடிதத்தை யாருக்காவது போட்டோ எடுத்து அனுப்புவதானால் அனுப்பு, எனக்குப் பயமில்லை. ஆனால் முழுசாக அனுப்பு.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத உன் அம்மா,
த. கருப்பம்மாள்