ஜன்னலோரம் அழுதவள்

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம்தானே? ஏன் இத்தனை நாளாகக் கடிதம் இல்லை என்று கேட்க மாட்டேன். கேட்டால் பேரப்பிள்ளைகள் மேல் பழியைப் போடுவாய். உன் வீட்டுக்காரரின் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு இங்கே தலை சுற்றுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் ஸ்டுடியோவில் நர்ஸ் வேடம். மருந்துத் தட்டோடு உள்ளே வர வேண்டும், கதாநாயகன் “வெளியே போங்க” என்று கத்தியதும் போய்விட வேண்டும். போனேன், வந்தேன், போனேன். அவருக்குத்தான் கத்தல் சரியாக வரவில்லை. சாப்பாட்டு வேளையில் சினிமா சங்கத்துக்காரர்கள் சிலர் வந்து, “ஊமைப்படத்துல மின்னல்னு ஒரு நடிகை இருந்தாங்களே, இங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க” என்று கேட்டிருக்கிறார்கள். உதவி டைரக்டர் என்னைக் காட்டி, “அந்தம்மா அப்படித்தான் சொல்லிக்குவாங்க” என்றான். சொல்லிக்குவாங்களாம்! தட்டை அவன் தலையில் போடலாமா என்று பார்த்தேன்.

மூடிப்போன ஒரு தியேட்டரின் பரணில் நம் படத்தின் ஒரே ஒரு சுருள் கிடைத்ததாம். கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார்கள். முதலில் மின்னல் குதிரையில் பாய்ந்து வருகிறாள். அது நீ. சுவர் ஏறிக் குதிக்கிறாள். அதுவும் நீதான், உன் திமிர் முதுகிலேயே தெரிகிறது. அப்புறம் அந்த ஜன்னல் காட்சி வந்தது. வண்டி போகிறது, அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேமரா கிட்டே வருகிறது. கண் நிறைகிறது, இமைக்கவேயில்லை, தண்ணீர் தானாக இறங்குகிறது. விளக்கைப் போட்டதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “ஆமாம், நான்தான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

வாலு, அது நானா?

ஊரெல்லாம் மின்னல் ஒருத்தி என்றுதான் நம்பியது. வெயில் இறங்குவதற்குள் படத்தை முடிக்க முதலாளி கண்டுபிடித்த வழி அது. கூரையில்லாத அந்த ஸ்டுடியோவில் நான் நடித்துக்கொண்டிருக்கும்போதே நீ வெளியே இன்னொரு கேமராவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பாய். முகம் நான், கால் நீ. அந்த வெள்ளைப் பூச்சைப் பூசி, மையைத் தீட்டிவிட்டால் அம்மாவே ஆள் மாற்றித் திட்டுவாள். இதெல்லாம் உனக்கே தெரிந்த கதைதான். ஆனால் எனக்கு நானே மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று அரங்கில் ஒரு டைரக்டரும் இருந்தார். புதுப் படத்தில் கதாநாயகியின் தாய் வேடம் தருகிறேன் என்கிறார். வசனம் உண்டு. கேமரா கிட்டே வரும். “எனக்கு அதே அழுகை வேணும்மா” என்றார். எத்தனை காலம் கழித்து என்னை ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்! ஆகவே உடனே எழுது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

உன் வால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சுதான் கூடிவிட்டது.

உனக்கு என்ன கிறுக்கா? நீ இல்லாமல் வேறு யார்? நான் எப்போது நின்று நடித்தேன்? என்னை நிற்க விட்டார்களா? “ஓடு, தாவு, விழு” இதுதானே எனக்குச் சொன்னது. பேசாமல் அந்த வேடத்தை வாங்கிக்கொள்.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்கிறேன்: அந்த ஜன்னல் காட்சிக்கு நானும் ஒரு நாள் நின்றேனே, மறந்துவிட்டாயா? உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் பூசணிக்காயாகிக் கிடந்தாய். அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமென்று செட்டைப் பிரிக்க ஆள் வந்துவிட்டது. முதலாளி என்னைப் பிடித்து ஜன்னலில் நிறுத்திவிட்டார். டைரக்டர் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், “கண்ணைத் தூக்கு! அவன் போறான்! போயிட்டான்!” என்று. அழுதேனா என்று கேட்டால், அழுதேன். எப்படி அழுதேன் என்று யார் கண்டது? அப்புறம் அந்தப் பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, உனக்குக் குணமானதும் ஜன்னலை மட்டும் நிறுத்தி உன்னை வைத்து எடுத்தார்கள். அன்று நான் கல்குவாரியில் குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ பிரமாதமாக அழுதாய் என்று சாயங்காலம் வண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் எதை ஒட்டினார்களோ, வெட்டி ஒட்டியவருக்குத்தான் தெரியும். அவரும் போய்ச் சேர்ந்தார். உன்னுடையதாகத்தான் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

வால்

ஜூன் 20

வாலுக்கு,

சிரிப்பதற்காகச் சொன்னாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீக்கமும் கஷாயமும் ஞாபகம் இருக்கிறது. நான் படுத்திருக்கும்போது உன்னை அங்கே நிறுத்தினார்கள் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லையா, சொல்லியும் நான் கேட்டுக்கொள்ளவில்லையா? ஜன்னலில் அழுதது மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது. ஆனால் அது நடந்ததால் இருக்கிறதா, படத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏறிவிட்டதா என்று இப்போது புரியவில்லை.

அந்தப் புதுப் படத்து டைரக்டர் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். அழுதேன். நிஜமாகவே அழுதேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லா அழறீங்கம்மா. ஆனா அது இல்ல” என்றார். இன்னொரு தடவை. “அது இல்லம்மா.” வேறு விதமாக முயன்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, “அந்தப் படத்துல என்ன பண்ணீங்களோ, அதையே பண்ணுங்க” என்கிறார். நான் என்ன பண்ணினேன் என்று தெரிந்தால்தானே! மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வாராம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பேசும் படம் வந்தபோது என் குரல் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றார்கள். போகட்டும், முகமாவது இருக்கிறதே என்று நினைத்துத்தான் ஸ்டுடியோ வாசலில் நின்றேன். ஆயா, பக்கத்து வீட்டுக்காரி, கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. ஒரு படத்தில் பிணம். அப்போதும் சும்மா இருக்காமல் மூச்சு விட்டேன் என்று ஏச்சு வாங்கினேன். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு, மருந்துக்கடை வைத்து, பிள்ளை பெற்று, ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டாய். எனக்கு அந்த ஜன்னல்தான் இருந்தது. ஒரு நாள் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று இருந்தேன். கண்டுகொண்டார்கள். இப்போது அது நான் இல்லை என்றால், நான் எதற்காக அங்கே நின்றேன்? பயமாக இருக்கிறது.

அந்தச் சுருளிலிருந்து ஜன்னல் முகத்தைப் புகைப்படமாக எடுத்துக் கொடுத்தார்கள். இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். உண்மையை மட்டும் எழுது.

அக்கா

ஜூன் 26

அக்கா,

படத்தைப் பார்த்தேன். வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மகள் பார்த்த உடனே “பெரியம்மா!” என்றாள். மகன், “போடி, இது அம்மா. சின்ன வயசுல நான் ஸ்கூலுக்குப் போறப்ப கதவுல இப்படித்தான் நிப்பாங்க” என்கிறான். இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, “நல்ல அழகான பொண்ணு, யாரு?” என்று கேட்டார். கட்டிய மனுஷன் கேட்கிற கேள்வியைப் பார்.

அக்கா, கவனமாகக் கேள். அது நீதான். சந்தேகமே வேண்டாம். நீ அழுத அன்று நான் கூடவே இருந்தேன். வெயிலைத் திருப்ப ஜிகினாத்தாள் ஒட்டிய பலகை பிடிப்பார்களே, அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இமைக்கவில்லை. தண்ணீர் இறங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. கத்திக்கொண்டிருந்த டைரக்டர்கூட வாயை மூடிக்கொண்டார். அச்சு அசல் இதே முகம். போய்ச் சொல், வேடத்தை வாங்கு, தைரியமாக அழு. வயதானால் அழுகையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அதை அந்த டைரக்டருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனிமேல் இதைப் பற்றி என்னைக் கேட்காதே.

வால்

ஜூலை 9

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் உன் முந்தைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான் அழுத அன்று நீ கல்குவாரியில் இருந்ததாக எழுதியிருக்கிறாய். பொய் சொல்வதென்றால் போன கடிதத்தில் என்ன எழுதினோம் என்றாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா, கழுதை?

டைரக்டரிடம் போனேன். “அது என் தங்கச்சியா இருக்கும்னு நினைக்கிறேன்” என்றேன். “நினைக்கிறீங்களா? தெரியாதா?” என்றார். “தெரியாதுங்க.” அவர் என்னையே பார்த்தார், மேஜையிலிருந்த அந்த ஜன்னல் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பாவம், என் குழப்பம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. தாய் வேடம் வேறொரு அம்மாவுக்குப் போய்விட்டது. எனக்கு ஆறுதலாக அதே காட்சியில் ஒரு வேடம் கொடுத்தார். அழுகிற தாயைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிற உறவுக்காரி.

நேற்று எடுத்தார்கள். அந்த அம்மா கிளிசரின் போட்டுக்கொண்டு தயாரானார்கள். நான் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது உன் கடிதம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பொய்யடி இது? அது உன் முகம் என்று தெரிந்தே எனக்குத் தூக்கிக் கொடுத்தாயா? இல்லை, உனக்கும் தெரியாமல்தான், எதுவானாலும் அக்காவுக்கு இருக்கட்டும் என்று விட்டாயா? நான் வாழ்நாள் முழுக்கக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததை, ஒரு தாளில் நாலு வரியில் கொடுத்துவிட்டு, இனிமேல் கேட்காதே என்கிறாய். அதை நினைத்தபோது கண் நிறைந்தது. இமைக்க முடியவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. வாலு, அதுதான் அது. அந்த அழுகை. எனக்கு உடம்பு முழுக்கத் தெரிந்தது.

கேமரா அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை மட்டும் படத்தில் வரும். “பிரமாதம்!” என்று அவர்களைப் பாராட்டினார்கள். மேக்கப் போடுகிற பெண் ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்து, “உங்க முகம்தான் தெரியாதேம்மா, எதுக்கு நிஜமா அழறீங்க?” என்று கேட்டாள். துணியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்படியானால் அன்றும் நான்தானா? இல்லை, நாம் இரண்டு பேருமே இப்படித்தான் அழுவோமா? இன்னும் தெரியவில்லை. ஆனால் முன்போலப் பயமாக இல்லை.

அடுத்த மாதம் சங்கத்துக்காரர்கள் அந்தச் சுருளை ஊருக்குப் போட்டுக் காட்டி, மின்னலைக் கௌரவிக்கப் போகிறார்களாம். மேடையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று விழித்தார்கள். முழங்காலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டு வா. ஜன்னலில் நின்றது யார் என்று சபையில் கேட்டால் நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன்.

உன் அக்கா